பன்னிரண்டு பன்னிரண்டாகக் கொடுத்த பூதம்

வெகு காலத்துக்கு முன்பு, பூதங்கள் பட்டப்பகலிலும் வெளியே நடமாடிய காலத்தில், குமிழி நாடு என்று ஒரு சின்ன நாடு இருந்தது. எவ்வளவு சின்னது என்று கேட்பீர்கள். அரண்மனை மாடியில் ராஜா தும்மினால், எல்லையில் நிற்கும் காவல்காரன் "நூறு ஆயுசு, மகாராஜா!" என்று வாழ்த்துவான். அவ்வளவு சின்னது.

அந்த ராஜாவின் பெயர் செண்டலங்காரன். நல்ல மனிதர். சண்டைக்குப் போகமாட்டார், யாரையும் அதட்டமாட்டார். அவரிடம் ஒரே ஒரு குறை. அது அந்த நாட்டில் எல்லோருக்கும் இருந்த குறைதான். சாப்பிட உட்கார்ந்தவர் 'போதும்' என்றால், அதை அங்கே ஒருவரும் நம்பமாட்டார்கள்.

விருந்தாளி இலைமேல் கையை விரித்து 'போதும்' என்பார். அது மரியாதை. வீட்டுக்காரர் அந்தக் கையை ஒதுக்கிவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றுவார். அதுவும் மரியாதை. இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம் விருந்தாளி இலையை மூடிவிட்டு எழுந்தால்தான் உண்மையான போதும். அப்போதும் யாராவது ஒருவர் பின்னாலேயே ஓடி, "பாயசம் மட்டுமாவது?" என்று கேட்பார்.

ஒருநாள் நடுப்பகலில் அந்த அரண்மனைக்கு ஒரு மந்திரவாதி வந்தார். வெளிநாட்டுக்காரர். அவருடைய ஊரில் போதும் என்றால் போதும்தான்.

இலை போட்டார்கள். சாப்பிட்டார். வயிறு நிறைந்தது. "போதும் அம்மா" என்றார்.

ராணி குமுதவல்லி சிரித்துக்கொண்டே இரண்டு வடையை வைத்தாள். "கூச்சப்படாதீங்க."

"கூச்சம் இல்லை. போதும்."

"இப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க. அந்த மூலையில இலை காலியா இருக்கு பாருங்க" என்று மந்திரி ஏகாம்பரம் சுட்டிக்காட்டினார். அந்த மூலைக்கு ஒரு கரண்டி பாயசம் வந்தது.

"நிஜமாகவே போதும்!"

"நிஜமாகவே போதும்னு சொல்றவங்களுக்குத்தான் நிஜமான பசி" என்று ராஜா தன் கையாலேயே இன்னும் நான்கு வடைகளை அள்ளி வைத்தார்.

மந்திரவாதிக்கு இலையை மூடவேண்டும் என்று தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. கடைசியில் அவரை எழுப்ப நான்கு காவல்காரர்கள் வேண்டியிருந்தது. எழுந்து நின்றவர் கண் சிவந்து, பாயசக் கொப்பரையைத் தன் கோலால் மூன்று தட்டுத் தட்டினார்.

டங். டங். டங்.

கொப்பரைக்குள்ளிருந்து ஒரு பூதம் எழுந்தது. பனைமர உயரம். தலையில் இரண்டு திராட்சையும் ஒரு முந்திரியும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"ராஜாவே!" என்றார் மந்திரவாதி. "நான் சொன்ன போதும் உன் காதில் ஏறவில்லை. இனி நீ சொல்லும் போதும் இவன் காதில் ஏறாது. இந்த அரண்மனையில் யார் எதற்கு ஆசைப்பட்டாலும் இவன் கொடுப்பான். நீ ஒரே ஒரு தரம் மனசார 'போதும்' என்று சொல்லும்வரை கொடுத்துக்கொண்டே இருப்பான்!"

சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்.

ராஜா மந்திரியின் பக்கம் சாய்ந்தார். "ஏகாம்பரம், இது சாபமா, வரமா?"

"குரல் சாபம் மாதிரி இருந்துச்சு மகாராஜா. விஷயம் வரம் மாதிரி இருக்கு."

அப்போது ராஜாவுக்கு முதுகு அரித்தது. 'ஒரு சொறிகோல் இருந்தால் நன்றாக இருக்குமே' என்று நினைத்தார். நினைத்த மறுநொடி, பூதம் அவர் மடியில் தந்தச் சொறிகோல்களைப் போட்டது. பன்னிரண்டு.

"எனக்கு முதுகு ஒண்ணுதானே" என்றார் ராஜா.

"ஒண்ணு உடைஞ்சுட்டா?" என்றது பூதம். எதைக் கொடுத்தாலும் அது பன்னிரண்டாகத்தான் கொடுத்தது.

ராணி ஒரு நிலைக்கண்ணாடிக்கு ஆசைப்பட்டாள். பன்னிரண்டு வந்தன. பன்னிரண்டிலும் ஒரே தோட்டைப் பார்த்து அலுத்துப்போய், வேறு தோடு வேண்டும் என்று நினைத்தாள். மந்திரி ஒரு குடைக்கு ஆசைப்பட்டார். பிறகு குடைகளை மாட்ட ஒரு தாங்கிக்கு ஆசைப்பட்டார். பிறகு தாங்கிகளை மூடிவைக்கத் திரைச்சீலைக்கு ஆசைப்பட்டார். எல்லோரையும்விடப் பாவம் சமையல்காரர். அவரிடம் நானூறு கரண்டிகள் சேர்ந்துவிட்டன. சாம்பார் கொதிக்கும்போது அந்தக் குவியலில் சாம்பார்க் கரண்டி அகப்படாது. 'ஐயோ, ஒரு கரண்டி இருந்தால்!' என்று நினைப்பார். பன்னிரண்டு வந்து விழும்.

மாதம் ஒன்று ஆனது. ராஜாவால் கட்டிலில் புரண்டு படுக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் தலையணை மலை. ஒருநாள் மாலையில் பூதத்தைக் கூப்பிட்டு, கையை விரித்து, "போதும்பா" என்றார்.

பூதம் குனிந்து ராஜாவின் நெஞ்சருகே மூக்கை வைத்து மோந்து பார்த்தது. "பொய். உள்ளே ஒரு பட்டு விசிறி ஆடிக்கிட்டிருக்கு." பன்னிரண்டு பட்டு விசிறிகள் வந்தன.

மறுநாள் கோபமாகச் சொன்னார். "போதும் என்கிறேன்!" பூதம் மோந்தது. "பொய். உள்ளே ஒரு முத்துப் பல்லக்கு நிக்குது." பன்னிரண்டு பல்லக்குகள் வந்தன.

மூன்றாம் நாள் அழுதுகொண்டே சொன்னார். பன்னிரண்டு கைக்குட்டைகள் வந்தன.

அரண்மனையில் இடம் தீர்ந்தது. இரண்டாம் மாதம் முதல், வேலையாட்கள் மிஞ்சிய சாமான்களை வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டுபோய் அல்லி ஏரியில் கொட்டினார்கள்.

இப்போது அந்த ஏரிக்கரைக்கு வருவோம். அங்கே நாற்பது வீடுகள். அதில் ஒரு வீட்டில் அங்காயி என்று ஒரு பெண். ஏரிக்கரையில் வெள்ளரி போட்டுப் பிழைப்பவள். வேலையில் வேகம். பேச்சில் அதைவிட வேகம். காலையிலும் மாலையிலும் ஏரியில் குடத்தை முக்கி, வெள்ளரிக் கொடிகளுக்கு ஊற்றுவாள்.

ஒருநாள் காலையில் குடத்தை முக்கினாள். 'டங்' என்று சத்தம் கேட்டது. தண்ணீருக்குள் கையை விட்டு இழுத்தாள். ஒரு குடைத்தாங்கி வந்தது. தள்ளிப்போய் முக்கினாள். ஒரு பல்லக்கின் கால் தட்டுப்பட்டது. இன்னும் தள்ளிப்போய் முக்கினாள். குடத்தில் அரைக்குடம் சேறும் மூன்று கரண்டிகளும் வந்தன.

அங்காயி கரையில் நின்று பார்த்தாள். ஏரி என்று சொல்ல ஒரு மூலையில் கொஞ்சம் கலங்கல் இருந்தது. மீதி இடமெல்லாம் நாற்காலி, மேசை, தலையணை. மழைக்கு இன்னும் பத்தே நாள். அந்த ஒரு மழைதான் குமிழி நாட்டுக்கு வருஷம் முழுக்கத் தண்ணீர். ஏரியில் நாற்காலி உட்கார்ந்திருந்தால் மழைத் தண்ணீர் எங்கே உட்காரும்? கரை தாண்டி ஓடிவிடும். ஓடிவிட்டால் கோடையில் மாட்டுக்குத் தண்ணீர் இல்லை, கொடிக்குத் தண்ணீர் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. நாற்பது வீடும் ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான். பக்கத்து வீட்டு மாடத்தி அப்போதே மூட்டை கட்டத் தொடங்கியிருந்தாள்.

"அக்கா, அந்த முடிச்ச அவுத்துவை. நான் போய்ட்டு வந்துடறேன்" என்றாள் அங்காயி.

"எங்கடி போற?"

"இது யாரோட சாமானோ, அவர்கிட்ட."

குடைத்தாங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். மந்திரவாதி விட்ட சாபமும் பூதத்தின் கதையும் அதற்குள் நாடு முழுக்கத் தெரிந்திருந்தன.

அரண்மனை வாசலில் காவல்காரர்கள் வெயிலில் நின்றிருந்தார்கள். உள்ளே நிற்க அவர்களுக்கு இடமில்லை.

"ஏ புள்ள, எங்க போற?" என்றான் ஒருவன்.

"ராஜாவப் பாக்க."

"ராஜாவப் பாக்கலாம். ராஜா எங்க இருக்கார்ங்கிறதுதான் எங்களுக்கே தெரியல. மேசைக்கு அந்தப்பக்கம் சத்தம் குடுத்துப் பாரு."

அங்காயி மேசைகளைத் தாண்டி, தலையணைகளில் ஏறி, கண்ணாடிகளின் நடுவே நுழைந்து போனாள். ஒரு கண்ணாடி அருகில் ராணியின் கருநீல வளையல்கள் கிடந்தன. அவள் ஒரு நொடிதான் பார்த்தாள். உண்மையைச் சொல்லவேண்டும், அந்த ஒரு நொடியில் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. பூதம் அவள் கையில் ஒரு பெட்டியைத் திணித்தது. உள்ளே பன்னிரண்டு ஜோடி கருநீல வளையல்கள்.

அங்காயிக்கு முகம் சிவந்தது. "சரி, ஆசைதான். இல்லன்னு சொல்லமாட்டேன்." ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டாள். "மீதிய நீயே எடுத்துக்கய்யா."

"எனக்கு எடுக்கத் தெரியாது. கொடுக்க மட்டும்தான் தெரியும்" என்றது பூதம். பேசும்போது அதற்குக் கொட்டாவி வந்தது. "முந்நூறு வருஷமா ஊர் ஊரா இதே வேலை. ஒரு நாள் உக்காந்ததில்ல."

அங்காயி பெட்டியைக் கீழே வைக்க இடம் தேடினாள். இடம் இல்லை. இடுக்கிக்கொண்டே நடந்தாள். ராஜாவைக் கண்டுபிடித்தபோது, கும்பிட அவளுக்குக் கை இல்லை. ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் குடைத்தாங்கி.

ராஜா பன்னிரண்டு சிம்மாசனங்களில் ஏழாவதில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ராணியும் மந்திரியும் இருந்தார்கள்.

அங்காயி ஏரியின் நிலையைச் சொன்னாள். பத்து நாளில் வரப்போகும் மழையைச் சொன்னாள். நாற்பது வீட்டையும் சொன்னாள். சொல்லும்போது கையை வீசிப் பேசவேண்டும்போல் இருந்தது. முடியவில்லை. தோள் வலித்தது. பெட்டி நழுவியது. எரிச்சலாக வந்தது. எதற்கடா இந்தப் பெட்டி என்று நினைத்தாள்.

நினைத்தவுடன் வாயை மூடினாள். ராஜாவின் கைகளைப் பார்த்தாள். வெள்ளையாக, மெத்தென்று, தூசி படாத கைகள்.

"மகாராஜா, ஒண்ணு கேக்கலாமா? இங்க இத்தன சாமான் வந்திருக்கே. இதுல உங்க கை பட்டது எது?"

ராஜா யோசித்தார். "சொறிகோல்" என்றார்.

"மத்ததெல்லாம்?"

"வேலையாள் வாங்குவான். வேலையாள் அடுக்குவான். வேலையாள் துடைப்பான். ராஜாவின் கைக்கு இதுவா வேலை? நாலு தலைமுறையாக அதுதானே வழக்கம்!"

"அதான் பாத்தேன். நாளைக்கு ஒருநாள், பொழுது விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயறவரைக்கும், வர்ற சாமான நீங்களே கையால வாங்கணும். நீங்களே கொண்டுபோய் இடம் பாத்து வைக்கணும். நீங்களே துடைக்கணும். வேலையாளுங்க வெறும பாத்துக்கிட்டு நிக்கட்டும். அப்பவும் பூதம் போகலேன்னா, நாங்க நாப்பது வீடும் வாயை மூடிக்கிட்டு ஊரைவிட்டுப் போயிடறோம்."

"ஏம்மா, ராஜாகிட்ட இப்படியா பேசுறது?" என்றார் மந்திரி.

"விடு ஏகாம்பரம். இது வாள் தூக்கிய கை. சாமான் தூக்காதா?" என்றார் ராஜா.

"எப்பங்க?" என்றாள் ராணி.

"பட்டாபிஷேகத்தன்று."

மறுநாள் பொழுது விடிந்தது. வேலையாட்கள் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். அவர்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவர்களால் மறைக்க முடியவில்லை.

ராஜா கண்விழித்ததும், 'வெந்நீர் குடிக்க ஒரு வெள்ளி லோட்டா இருந்தால்' என்று நினைத்தார். பழக்கம்! பன்னிரண்டு லோட்டாக்கள் வந்தன. வாங்கினார், வைத்தார், துடைத்தார். "இவ்வளவுதானே" என்றார்.

லோட்டாக்களை வைத்த இடம் சாய்ந்திருந்தது. ஒரு அலமாரி இருந்தால் நல்லது என்று தோன்றியது. பன்னிரண்டு அலமாரிகள் வந்தன. தேக்கு. ராஜா முதல் அலமாரியைத் தள்ளினார். அது நகரவில்லை. வியர்த்தது. துடைக்க ஒரு துண்டு இருந்தால் என்று நினைத்தார். பன்னிரண்டு துண்டுகள் வந்தன. அவற்றை மடிக்கவேண்டும். ராஜாவுக்குத் துண்டு மடிக்கத் தெரியாது.

"நாலா மடிங்க மகாராஜா" என்றான் ஒரு வேலையாள் சுவரோரமிருந்து.

"நாலு மூலையும் பிடித்துத்தான் மடிக்கிறேன்! வேறு வேறு பக்கம் போகிறதே!"

அலமாரியைத் தள்ள ஒரு வண்டி இருந்தால்? பன்னிரண்டு வண்டிகள் வந்தன. இப்போது அலமாரியை நகர்த்துவதற்கு முன் வண்டிகளை நகர்த்தவேண்டும். வண்டிகளின் அச்சு கிறீச்சிட்டது. எண்ணெய் இருந்தால்? பன்னிரண்டு பித்தளை எண்ணெய்க் கிண்ணங்கள் வந்தன. காலியாக.

"எண்ணெய் எங்கே?" என்று ராஜா கத்தினார்.

"நான் சாமான்தான் கொடுப்பேன். விளையிறது எதுவும் எங்கிட்ட வராது" என்றது பூதம்.

மத்தியானம் ஆனது. ராஜாவால் சாப்பிடப் போக முடியவில்லை. சாப்பாட்டு அறைக் கதவின் முன்னால் ஆறு அலமாரிகள் நின்றன. அந்த அலமாரிகளை அங்கே வைத்தவர் அவரேதான்.

"ஏங்க, ஒரு பெரிய அறையா இருந்தா..." என்று ராணி ஆரம்பித்தாள்.

"நினைக்காதே!" என்று ராஜா அலறினார். "தயவுசெய்து எதையும் நினைக்காதே குமுதா!"

அதற்குள் பன்னிரண்டு பட்டுக் கூடாரங்கள் வந்துவிட்டன. கயிறும் முளையும் தனித்தனியாக.

ராஜா ஒரு கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கயிறு தடுக்கியது. விழுந்தார். எழுந்தார். விசிறிகள்மேல் விழுந்தார். எழுந்தார். பல்லக்குக்குள் விழுந்தார். பல்லக்கு கொஞ்சம் சொகுசாக இருந்தது. அங்கேயே கிடந்தார்.

மேலே பார்த்தார். அவருக்குத் தாகமாக இருந்தது. லோட்டா இருந்தது, பன்னிரண்டு, தண்ணீர் இல்லை. பசித்தது. கரண்டி இருந்தது, சோறு இல்லை. தூக்கம் வந்தது. தலையணை மலையே இருந்தது; காலை நீட்ட இடம் இல்லை. இரண்டு கையிலும் கொப்புளம். அந்தக் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டு, இவ்வளவு நாளும் இதையெல்லாம் தூக்கிய வேலையாட்களின் கைகள் எப்படி இருக்கும் என்று யோசித்தார். சுவரோரம் நின்றவர்களில் ஒருவனைக் கூப்பிட்டு, "உன் கையைக் காட்டு" என்றார். அவன் காட்டினான். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. ராஜா தன் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

பிறகு சொன்னார். யாருக்கும் கேட்கவேண்டும் என்று சொல்லவில்லை. கையை விரிக்கவில்லை, கோபப்படவில்லை, அழவில்லை.

"போதும்."

பூதம் குனிந்தது. மோந்தது. இன்னொரு தரம் மோந்தது. மூன்றாம் தரம் காதையும் வைத்துப் பார்த்தது.

"உள்ளே ஒண்ணுமில்ல" என்றது பூதம் மெதுவாக. "காலி. காத்து வருது."

சொல்லிவிட்டு, பனைமர உயரத்திலிருந்து தென்னை உயரம், தென்னையிலிருந்து வாழை உயரம் என்று சுருங்கி, ஒரு குண்டு மனிதன் அளவுக்கு வந்து, தரையில் பொத்தென்று உட்கார்ந்தது. "அப்பாடா!"

ராணி ஒரு பரிசோதனைக்காக மனதுக்குள் ஒரு தோட்டை நினைத்துப் பார்த்தாள். எதுவும் வரவில்லை. "அடடா" என்றாள். பிறகு, "நல்லதாப் போச்சு" என்றாள்.

சாபம் தீர்ந்ததே தவிர, சாமான் தீரவில்லை. பூதம் கொடுத்தது கொடுத்தபடியே கிடந்தது. மழைக்கு இன்னும் எட்டு நாள். ராஜா கொப்புளத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு ஏரிக்கு நடந்தார். பின்னால் ராணி, மந்திரி, காவல்காரர்கள், வேலையாட்கள், கடைசியில், சுருங்கிய காலில் புதிதாக நடை பழகும் பூதம்.

எட்டு நாளும் இழுத்தார்கள். உடைந்த அலமாரிப் பலகைகளை மதகுக்குக் கதவாக அடித்தார்கள். சேறு அள்ள லோட்டாக்கள் உதவின. கூடாரத் துணியில் மண் கட்டித் தூக்கினார்கள். நல்ல சாமான்களை நாற்பது வீட்டுக்காரர்களும் எடுத்துக்கொள்ளலாம் என்று ராஜா சொன்னார். அங்காயி கரையில் நின்றுகொண்டு, எடுக்க வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டாள்.

"இத எங்க வைப்ப?"

மாடத்தி ஒரு பல்லக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வாசல்ல வைப்பேன்டி."

"அப்ப நீ எது வழியா உள்ள போவ?"

மாடத்தி பல்லக்கை விட்டுவிட்டு ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு போனாள். அங்காயியும் பதினோரு ஜோடி வளையல்களைப் பதினோரு வீட்டுக்குக் கொடுத்தாள். மிச்சமிருந்த சாமான்களை அக்கம்பக்கத்து நாடுகளுக்கு ஏற்றி அனுப்பினார்கள். எந்த நாட்டுக்கும் பன்னிரண்டாக அனுப்பவில்லை. ஒவ்வொன்றாகத்தான்.

ஒன்பதாம் நாள் மழை வந்தது. விடாமல் வந்தது. ஏரிக்குள் இருந்தது வெறும் ஏரிதான், அதனால் தண்ணீர் எல்லாம் உட்கார்ந்தது. மாடத்தி கட்டிய மூட்டையை மாடத்தியே அவிழ்த்தாள்.

ராஜா அங்காயியைக் கூப்பிட்டு, "பாதி ராஜ்யம் கேட்டாலும் தருகிறேன்" என்றார்.

அங்காயி உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "பாதி ராஜ்யத்த யாரு பெருக்குறது மகாராஜா? வேணாம். வருஷா வருஷம் மழைக்கு முந்தி ஏரியில தூர் வாரணும். முதல் கூடை மண்ண நீங்க தூக்கணும்."

"முதல் கூடை மட்டுமா?"

"உங்க கைக்கு அது போதும்."

ராஜா பத்துக் கூடை தூக்கினார் என்று அந்த நாட்டார் சொல்கிறார்கள். நான் கேட்டவரை ஏழு.

மூன்று மாதத்தில் வெள்ளரி காய்த்தது. ஒரு காலையில் ராஜா தனியாக, பல்லக்கு இல்லாமல், ஏரிக்கரைக்கு வந்தார். அங்காயி பிஞ்சாக ஒன்றைப் பறித்து, நறுக்கி, உப்பு தூவிக் கொடுத்தாள். ராஜா வரப்பில் உட்கார்ந்து தின்றார். முடித்துவிட்டுக் கையைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இன்னும் ஒன்று கேட்டால் தப்பா?"

"ஒரு தப்பும் இல்ல. போய்ப் பறிச்சுக்கிட்டு வாங்க."

ராஜா எழுந்து போனார். குனிந்து, இலையை விலக்கி, தேடித் தேடிப் பறித்தார். திரும்பி வரும்போது அவர் கையில் இரண்டு வெள்ளரிகள் இருந்தன. ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு, மற்றதைக் கரையில் மண்வெட்டியோடு நின்ற பூதத்திடம் நீட்டினார்.

பூதம் அதை இரண்டு கையாலும் வாங்கியது. வாங்கிவிட்டு அப்படியே நின்றது. முந்நூறு வருஷமாகக் கொடுத்த கை. ஒரு பொருள் தன்னிடம் வந்தால் என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை. வெள்ளரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு அங்காயியைப் பார்த்தது.

"என்னய்யா முழிக்கிற? கடிச்சுத் தின்னு" என்றாள் அங்காயி.

கடித்தது. அந்த 'நறுக்' எல்லைக் காவல்காரன்வரை கேட்டது. குமிழி நாட்டில் அவ்வளவுதான் நடந்தது. கேட்ட நீங்களும் சொன்ன நானும் இனி அவரவர் வேலையைப் பார்க்கப் போகலாம்.